நடுங்கும் நிலத்தில் ஒரு பேய்க்கதை: ஒகெஃபெனோகீ சதுப்பை வைத்து இளையோருக்கு எழுதுவது எப்படி

ஒகெஃபெனோகீ சதுப்பில் மிதக்கும் திட்டு ஒன்றில் ஏறி நின்று காலை அழுத்தினால், சற்றுத் தள்ளி நிற்கும் புதர் ஆடும். காற்றே இருக்காது, ஆனாலும் ஆடும். காலடியில் இருப்பது மண் இல்லை, பீட். மட்கியும் மட்காமலும் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த செடிகொடிக் குப்பை. சில இடங்களில் 15 அடி கனம் வரை இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், ஃபுளோரிடாவின் வட எல்லையையும் தொட்டுக்கொண்டு, சுமார் 1,770 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும் நன்னீர்ச் சதுப்பு இது. ஒகெஃபெனோகீ என்றால் ‘நடுங்கும் நிலம்’ என்பதுதான் பரவலாகச் சொல்லும் பொருள். ஹிட்சிட்டி என்னும் அமெரிக்கப் பூர்வகுடி மொழியில் ‘குமிழியிடும் நீர்’ என்ற பொருளும் சொல்வார்கள். இரண்டுமே அந்த இடத்துக்குப் பொருந்தும்.

இந்த இடத்தை வைத்துப் பதின்பருவத்தினருக்கு அமானுஷ்யக் கதை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே மூடுபனி, முதலை, ஆந்தை மூன்றையும் இறக்கிவிடுகிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் கையில் சரக்கு இருக்காது. அப்புறம் ரத்தம் வரும், அலறல் வரும், பயம் மட்டும் வராது. சதுப்பு தானாக என்ன செய்கிறதோ, அதையே ஒரு படி கூடுதலாகச் செய்கிற பேய்தான் இங்கே செல்லுபடியாகும். அதற்குச் சதுப்பு என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். தமிழில் எழுதும் கை, சதுப்பு என்றதும் பிச்சாவரத்துக்குப் போய்விடும். அது அலையாத்திக் காடு. உப்பு நீர், ஓதம் ஏறி இறங்கும் இடம். ஒகெஃபெனோகீயில் ஓதமும் உப்பும் கிடையாது. தண்ணீர் பெரும்பாலும் மழையில் வந்து, ஒரு பக்கம் சுவானி ஆறாக மெக்சிகோ வளைகுடாவுக்கும் இன்னொரு பக்கம் செயின்ட் மேரிஸ் ஆறாக அட்லாண்டிக்குக்கும் வடிகிறது. வேர் ஊன்றி நிற்கும் மரம் சைப்ரஸ். அதன் வேரிலிருந்து முழங்கால் மாதிரி முண்டுகள் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கிளைகளில் நரைத்த தாடிபோலத் தொங்குவதை ஸ்பானிஷ் பாசி என்பார்கள். பெயரில்தான் பாசி, உண்மையில் அன்னாசிக் குடும்பத்துச் செடி. மரத்தை அது உறிஞ்சுவதில்லை. ‘ரத்தம் உறிஞ்சும் பாசி’ என்று எழுதினால் விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

அடுத்து, நிலம் இடம் மாறும் விதம். சதுப்பின் நடுவே மரமில்லாத, அல்லியும் புல்லும் நிறைந்த திறந்த வெளிகளை அங்கே ‘பிரெய்ரி’ என்கிறார்கள். அடியில் கிடக்கும் பீட் அழுகும்போது மீத்தேன் வாயு சேரும். வாயு சேரச் சேர ஒரு பாளம் அப்படியே பிய்ந்து மேலே வந்து மிதக்கும். உள்ளூர்க்காரர்கள் இதை ‘பேட்டரி’ என்பார்கள். அதன்மேல் முதலில் புல், பிறகு புதர், பல ஆண்டு கழித்து மரம். மரம் வளர்ந்த திட்டுக்குப் பெயர் ‘ஹவுஸ்’, அதாவது வீடு. ஆள் இல்லாத வீடுகள் நூற்றுக்கணக்கில் நிற்கும் வெளி என்ற படிமம் கேட்காமலேயே கிடைக்கிறது.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை: ராத்திரியோடு ராத்திரியாகக் காடு முளைத்து நிற்பதாக எழுதுவது. பாளம் எழும்பிப் படகுத்தடத்தை அடைப்பது நடக்கக்கூடியதுதான். அதன்மேல் முப்பதடி மரம் அன்றே நிற்பது நடக்காது. எனவே வெள்ளிக்கிழமை வந்த வழி ஞாயிற்றுக்கிழமை அடைபட்டிருப்பது இயல்பு. அங்கே முப்பதடி சைப்ரஸும் நின்றால்தான் அமானுஷ்யம். இயல்பான மாற்றத்தை முதல் 30, 40 பக்கங்களில் இரண்டு தடவையாவது காட்டிவிட வேண்டும். வாசகருக்கு எல்லைக்கோடு தெரிந்தால்தானே அது தாண்டப்படும்போது உறைக்கும்.

இந்த இடம்மாறும் தீவை வைத்து ஒரு பழங்கதையே உண்டு. தாவரவியலாளர் வில்லியம் பார்ட்ரம் 1791இல் வெளியிட்ட பயண நூலில், கிரீக் என்னும் அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் சொன்னதாக அதைப் பதிவுசெய்திருக்கிறார். சதுப்புக்குள்ளே ஒரு தீவு; அங்கே ‘சூரியனின் மகள்கள்’ என்னும் அழகிய பெண்கள். வழிதவறிச் சாகக் கிடந்த வேட்டைக்காரர்களுக்கு அவர்கள் பழமும் சோள அடையும் கொடுத்து, தங்கள் கணவர்மார் கொடியவர்கள், ஓடிவிடுங்கள் என்று எச்சரித்து அனுப்புகிறார்கள். பின்னால் தேடிப்போன இளைஞர்களுக்கு அந்த ஊர் கண்ணுக்குத் தெரியும், நெருங்க நெருங்க விலகிக்கொண்டே போகும். கதை அவ்வளவுதான். இதில் யாரும் யாரையும் கொல்வதில்லை. உதவி கிடைத்த இடத்துக்கு மறுபடி போக முடியாது என்பதே திகில். பதினைந்து வயதில் இருப்பவர்களுக்கு இந்த ஏக்கம் நன்றாகப் புரியும். என் கணக்கில், இந்தச் சதுப்பிலிருந்து எடுக்கக்கூடிய ஆகச் சிறந்த விதை இதுதான். ஆனால் அது ஒரு மக்களின் சொத்து. கதைக்குள் ஒரு பாத்திரம் இதைச் சொல்வதானால், யார் சொன்னது, எப்போது எழுதிவைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அதே காரணத்தால், ‘செவ்விந்தியர் சுடுகாட்டுச் சாபம்’ வேண்டாம். செமினோல் என்னும் பூர்வகுடி மக்களைத் துரத்திக்கொண்டு 1838இல் ஜெனரல் சார்ல்ஸ் ஃபிளாய்டின் படை இந்தச் சதுப்புக்குள் புகுந்தது. ஃபிளாய்ட்ஸ் தீவு என்று இன்றும் வரைபடத்தில் இருப்பது அந்தப் பெயர்தான். துரத்தப்பட்டவர்களின் வாரிசுகள் ஃபுளோரிடாவிலும் ஓக்லஹோமாவிலும் வாழ்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள், கதை படிக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களை ஆவியாக்குவது சோம்பேறித்தனம். சாபத்துக்குக் காரணம் வேண்டுமென்றால் பேராசைக்காரர்களின் பக்கம் போங்கள், தாராளமாகக் கிடைக்கும்.

1891இல் சுவானி கால்வாய் கம்பெனி ஏக்கர் 26½ சென்ட் விலைக்கு இந்தச் சதுப்பை மாநில அரசிடமிருந்து வாங்கியது. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்து, சைப்ரஸை வெட்டி விற்று, பிறகு விவசாயம் செய்வது திட்டம். சதுப்புக்குள் 11½ மைல் வெட்டினார்கள். வெட்ட வெட்டக் கரை சரிந்தது. கம்பெனித் தலைவர் ஹாரி ஜாக்சன் 1895இல் இறந்ததும் வேலை நின்றது. ஊரார் வைத்த பெயர் ‘ஜாக்சனின் முட்டாள்தனம்’. அந்தக் கால்வாய் இன்றும் இருக்கிறது, கிழக்கு வாசலிலிருந்து படகுகள் அதில்தான் உள்ளே போகின்றன. அப்புறம் ஹெபர்ட் கம்பெனி வந்தது. நீருக்குள் மரக்கட்டைகளை அடித்து இறக்கி, அதன்மேல் ரயில் பாதை போட்டு, 1927 வரை மரம் வெட்டியது. பில்லிஸ் தீவில் சுமார் 600 பேர் வாழ்ந்த ஊரே எழுந்தது: ஓட்டல், பள்ளி, கடை, சினிமாக் கொட்டகை. மரம் தீர்ந்தது, ஊரும் போயிற்று. இப்போது அங்கே துருப்பிடித்த இரும்பும், மரக்கம்பெனி வருவதற்கு முன்பே வாழ்ந்த லீ குடும்பத்தின் கல்லறைகளும் மிச்சம். நட்டநடுச் சதுப்பில், ஜனமே இல்லாத தீவில், ஒரு காலத்தில் சினிமா ஓடியிருக்கிறது. இதற்கு மேல் ஒரு பேய் வீட்டைக் கற்பனை செய்ய வேண்டிய தேவை என்ன இருக்கிறது?

கதை நடக்கும் மாதத்தைப் பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே முடிவுசெய்வது நல்லது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சைப்ரஸ் இலை உதிர்த்து எலும்புக்கூடாக நிற்கும், பாசி மட்டும் தொங்கும். கண்ணுக்கு அச்சம் தருகிற காலம். ஏப்ரல், மே மாதங்கள் காதுக்கு. அலிகேட்டர் என்பது அங்குள்ள முதலை வகை; அதன் ஆண் இணை தேடி உறுமும். உறுமலுக்கு ஒரு கணம் முன்னால், மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வு கிளம்பும். அதன் முதுகின்மேல் இருக்கும் நீர் சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரித் துள்ளும். முதலில் நீர் துள்ளும், அப்புறம்தான் சத்தம். இந்த வரிசையை மாற்றி எழுதினால் காட்சி செத்துவிடும். தவளைகளிலும் ஒன்று பன்றி மாதிரி உறுமும், இன்னொன்று ஆணி அடிப்பது போலவே ஒலிக்கும். தச்சன் தவளை என்றே அதற்குப் பெயர். ஆள் நடமாட்டம் இல்லாத இருட்டில் யாரோ பலகை அறைகிற சத்தம்! ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை. ஏப்ரல் தவளையையும் ஜனவரி மொட்டை மரத்தையும் ஒரே இரவில் வைப்பதுதான் இந்த வகைக் கதைகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

வெளிச்சத்துக்கு வருவோம். சதுப்பு வெளிச்சத்தை நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்றோம், லூசியானாவின் கேஜன் மக்கள் ‘ஃபிஃபோலே’ என்கிறார்கள். பதினைந்து வயதுக்காரரிடம் யாராவது பெரியவர் ‘அது வெறும் மீத்தேன்’ என்று சொல்லிவிடுவார், அத்தோடு மர்மம் முடிந்தது. அதைவிடக் கண்களை நம்பலாம். டார்ச் அடித்தால் அலிகேட்டரின் கண் தணல் போலச் சிவப்பாகத் திரும்பி ஒளிரும். ஒளி வந்த திசையிலேயே திரும்பிப் போவதால், டார்ச்சை இடுப்பில் பிடித்தால் சரியாகத் தெரியாது. கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியோரம் பிடிக்க வேண்டும். கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையே எத்தனை அங்குலமோ, உடல் ஏறக்குறைய அத்தனை அடி. புல்லுக்குள் பனித்துளி போல நீலப்பச்சையாக மின்னுவது ஓநாய்ச் சிலந்திகள். இந்தக் கணக்கையெல்லாம் கதையின் ஆரம்பத்தில் யாராவது ஒரு பாத்திரம் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். பிறகு இப்படி எழுதலாம்:

“நோரா டார்ச்சை நெற்றியோரம் உயர்த்தினாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஏழு வரை எண்ணினாள். எட்டாவது ஜோடி வெள்ளையாக இருந்தது. மான் என்று நினைத்தாள். மானுக்கு அந்த இடத்தில் நிற்கத் தரை கிடையாது. டார்ச்சை மெல்ல இடுப்புக்கு இறக்கினாள். சிவப்புகள் எல்லாம் அணைந்தன. வெள்ளை அணையவில்லை.”

இந்தப் பத்தியில் பேய் என்ற சொல் இல்லை. கற்றுக்கொடுத்த விதி ஒன்று உடைகிறது, அவ்வளவே. விதியை முன்கூட்டிச் சொல்லாமல் இதே பத்தியை எழுதிப் பாருங்கள், ஒன்றும் நடக்காது.

தண்ணீரும் அப்படித்தான். பாத்திரத்தில் மொண்டால் கறுப்பாக இருக்காது, பால் விடாத டீ நிறம். இலையும் பீட்டும் ஊறி இறங்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள்தான் காரணம். கையை விட்டால் முழங்கை தேன் நிறம், மணிக்கட்டு செந்நிறம், விரல் நுனி இருட்டு. காற்று நின்றால் மேற்பரப்பு கண்ணாடியாகி, மேலே எத்தனை மரமோ கீழேயும் அத்தனை மரம். கீழே ஒன்று கூடுதலாக இருந்தால் எழுத்தாளர் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆழம் என்று சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று அடிதான். ‘அதலபாதாளத்துக்குள் இழுத்துச் சென்றது’ என்பது இங்கே எடுபடாது. இரண்டடி நீரில் ஒருவர் காணாமல் போவதுதான் பயங்கரம்.

அந்த நீர் கடும் அமிலம். எனவே நூறாண்டுக்கு முன் புதைந்தவரின் எலும்புக்கூடு வெள்ளை வெளேரென்று மேலே வருவதாக எழுத வேண்டாம், அமிலம் எலும்பைத் தின்றுவிடும். ஃபுளோரிடாவின் விண்டோவர் குட்டையில் 1982இல் கிடைத்த 7,000 ஆண்டுகளுக்கும் பழைய 168 பேரின் உடல் மிச்சங்களில் எலும்பும், பலரின் மண்டைக்குள் மூளைத் திசுவும்கூட இருந்தன. அங்கே நீர் அமிலமாக இல்லாமல் நடுநிலையாக இருந்ததால்தான் எலும்பு தங்கியது. ஒகெஃபெனோகீயில் கண்டெடுக்க வேண்டுமானால் பித்தான், கண்ணாடிப் புட்டி, சைப்ரஸ் கட்டை என்று வையுங்கள். சைப்ரஸ் எளிதில் மக்காது.

இளம் பாத்திரங்கள் அங்கே எப்படிப் போனார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் பல கதைகள் முதல் அத்தியாயத்திலேயே நொண்டுகின்றன. ஜார்ஜியாவில் 15 வயதில் பழகுநர் உரிமம், 16இல் ஓட்டுநர் உரிமம். எனவே பதினாறு வயது அண்ணனோ தோழியோ வண்டி ஓட்டலாம். உள்ளே போவது கனூ படகு. இரவு தங்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தங்குவது குறித்த இடத்தில், பெரும்பாலும் நீர்மேல் கட்டிய பலகைத் தளத்தில். சூரியன் மறைந்து உதிக்கும்வரை அங்கிருந்து நகரக் கூடாது என்பது விதி. கதாசிரியருக்கு இந்த விதி பெரும் கொடை: மேடைக்கு எதிரே யாரோ கூப்பிடுகிறார்கள், போகக் கூடாது, விடிய ஒன்பது மணி நேரம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் குடிநீர் சுமந்துபோக வேண்டும், அதுவே 4 கிலோ. கனூவின் வேகத்தை மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லி அடர்ந்த இடத்தில் பாதி. துரத்தல் காட்சி எழுதும்போது இந்தக் கணக்கை எதிரில் ஒட்டிவைப்பது உதவும். உள்ளே கைபேசி சிக்னலை நம்ப முடியாது என்பதால் ‘பேட்டரி தீர்ந்தது’ என்ற பழைய சாக்கும் தேவையில்லை.

பேச்சு வழக்கில் இரண்டு விஷயம். தென்மாநிலப் பிள்ளைகள் பெரியவர்களிடம் ‘யெஸ் மேம்’, ‘நோ சார்’ என்பார்கள், தெரிந்த பெண்மணியைப் பெயருக்கு முன்னால் ‘மிஸ்’ சேர்த்து அழைப்பார்கள். ‘இல்லீங்க மேம்’ என்று அதைத் தமிழில் இறக்கினாலே மரியாதை வந்துவிடுகிறது. அவர்களை நெல்லைத் தமிழிலோ கொங்குத் தமிழிலோ பேசவைத்தால் இடம் கலைந்துபோகும். பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். எல்லா, மே, ஆன் மூன்றும் அழகான பெயர்கள்தான், தமிழ் வாக்கியத்துக்குள் போனதும் வாசகர் தடுமாறுவார். நோரா, ரூத், வேட் தடுமாற்றம் தராது.

பேய்களுக்கும் ஊர் உண்டு. ஓநாய் மனிதன் ரூகரூ லூசியானாக்காரன், ஜார்ஜியாவில் அவனுக்கு வேலையில்லை. ஜார்ஜியாக் கடலோரத்து கல்லா கீச்சி மக்கள் (அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள்) ‘ஹெய்ன்ட்’ என்னும் ஆவி வராமலிருக்கத் தாழ்வாரக் கூரைக்கு வெளிர்நீலம் அடிப்பார்கள். அந்த வழியில் வந்த பாட்டி ஒருத்தி கதையில் இருந்தால் அந்த நீலத்தைக் கொண்டுவரலாம், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். லூசியானாவின் மான்சாக் சதுப்பில் ஜூலியா பிரவுன் என்ற வைத்தியப் பெண்மணி ‘ஊரையே கூட்டிக்கொண்டு போவேன்’ என்று பாடியதாகவும், அவர் இறந்ததும் 1915 செப்டம்பர் 29 சூறாவளி ஃப்ரெனியர் ஊரை அழித்ததாகவும் கதை உலவுகிறது. ஊருக்கு மருந்து கொடுத்த கறுப்பினப் பெண்ணைச் சூனியக்காரி ஆக்கியது புயலா, புயலுக்குப் பின்னால் பேசிய வாய்களா? இதை மனதில் வைக்காமல் கிழவி பாத்திரம் எழுதக் கூடாது.

உச்சக்கட்டத்துக்கு எல்லாரும் வெள்ளத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். இந்தச் சதுப்பின் உண்மையான உச்சக்கட்டம் நெருப்பு. வறண்ட ஆண்டில் பீட்டே எரியும். 2011 ஏப்ரலில் ஹனி பிரெய்ரியில் மின்னலால் பற்றிய தீ ஏறக்குறைய ஓராண்டு அணையவில்லை, 3 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. மேலே அணைந்ததாகத் தெரியும், அடியில் புகைந்துகொண்டே இருக்கும், வேறோர் இடத்தில் தலைதூக்கும். தீ வராவிட்டால் பிரெய்ரிகள் மெல்ல மெல்லக் காடாகிவிடும், அதனால் சதுப்புக்கு அது வேண்டியதும்கூட. பேய் அந்த நெருப்பை அணைக்கப் பார்க்கிறதா, வளர்க்கப் பார்க்கிறதா என்று முடிவுசெய்தால் அதன் குணம் தானாக வந்துவிடும்.

கடைசியாக ஒரு சத்தம். சதுப்பில் வாழ்ந்த செஸர், லீ குடும்பத்து ஆண்கள் மாலையில் படகைக் கழியால் தள்ளிக்கொண்டு திரும்பும்போது, சொல்லில்லாத நீண்ட கூவல் ஒன்றைக் குரல் உடைத்து உடைத்து எழுப்புவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஆள் வருகிறது என்று தெரியும். ‘ஹாலர்’ என்பார்கள். 1912இலிருந்து அங்கே போய்வந்த இயற்கை ஆய்வாளர் ஃபிரான்சிஸ் ஹார்ப்பர் இவற்றையும் அவர்கள் வாழ்க்கையையும் எழுதிவைத்தார். அவர் மனைவி ஜீன், அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதிப் போராடியவர். 1937இல் சதுப்பு வனவுயிர் காப்பிடம் ஆனது. ஹாலரைக் கதையில் மூன்று இடத்தில் வைத்தால் போதும். முதலில், பாட்டி சொல்லும் நினைவாக. அடுத்து, நோரா பலகைத் தளத்தில் வேடிக்கையாகக் கூவிப் பார்க்கும்போது. மூன்றாவது தடவை சத்தம் எதிர்த் திசையிலிருந்து வர வேண்டும், படகு எதுவும் வராமல், அவள் கூவிய அதே இடத்தில் அதே மாதிரி உடைந்து.